முப்பது அண்ணாச்சி சிதைந்த வெள்ளிக்கிழமை

தேரிவிளையில் இருக்கும் சிலிக்கான் அணுக்கள் ஆண்டுக்கு ஒருமுறை தாலுகா அலுவலகத்துக்கு நேரில் வந்து, தாங்கள் இன்னும் சிதையவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போகவேண்டும். கடற்கரை மணலிலிருந்து வருவார்கள், ஜன்னல் கண்ணாடியிலிருந்து வருவார்கள், நெல் உமியிலிருந்துகூடச் சிலர் வருவார்கள். நிலைத்தன்மைப் பிரிவின் எழுத்தர் எஸ்தர் கனகமணி ஒவ்வொருவரிடமும் "சிதைஞ்சீங்களா?" என்று கேட்பாள். "இல்லை" என்பார்கள். முத்திரை குத்துவாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக வேறு பதில் வந்ததில்லை. அதற்காகக் கேள்வியை விட்டுவிட முடியாது, படிவத்தில் இருக்கிறது.

வருகிறவர்கள் மூன்று வகை. எல்லோருக்கும் புரோட்டான் பதினான்குதான்; நியூட்ரானில்தான் வித்தியாசம். இரண்டையும் கூட்டினால் வரும் எண்தான் பெயர். நூறு பேரில் தொண்ணூற்றிரண்டு பேர் இருபத்தெட்டுகள். ஊரே தங்களுடையது என்ற நினைப்பில் வரிசையில் நிற்பார்கள். ஐந்துக்குச் சற்றுக் குறைவாக இருபத்தொன்பதுகள். அவர்களுக்கு மட்டும் தற்சுழற்சி உண்டு, காந்தத்தைக் கண்டால் தலை திரும்பிவிடும். அவர்கள் வரும்போது கனகமணி காந்தம் வைத்த குண்டூசி டப்பாவை மேசைக்கடியில் ஒளித்துவைப்பாள். மிச்சம் மூன்று பேர் முப்பதுகள். கனம் கூடியவர்கள், படியேறக் கொஞ்சம் நேரமாகும்.

அந்த ஆண்டு புதிதாக வந்த துணை வட்டாட்சியர் வைகுண்டராமன் பதிவேட்டைப் புரட்டினார். 'சிதைந்தோர்' என்ற பத்தி முதல் பக்கத்திலிருந்தே காலியாக இருந்தது.

"ஒருத்தர்கூடச் சிதையலன்னா இந்தப் பிரிவு எதுக்கும்மா? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணாவது காட்டுங்க. இல்லன்னா மலைப்பக்கம் மாத்தல் வரும்."

"நிலையானவங்க சார். சிதையமாட்டாங்க."

"அது அவங்க சௌகரியம். அரசாங்கத்துக்கு முன்னேற்றம் தெரியணும்."

கனகமணியின் அப்பாவுக்குக் கண் தெரியாது. வீட்டைக் கையால் தடவித் தடவியே மனப்பாடம் செய்துவைத்திருந்தார். வேறு ஊருக்குப் போனால் அடுப்பு எது, கிணறு எது என்று எழுபத்தெட்டு வயதில் மறுபடி தொடங்கவேண்டும்.

வியாழக்கிழமை, ரேஷன் கடை ஜன்னலில் இருக்கும் முப்பதுகளில் ஒருவர் வந்தார். பிறந்த தேதிக்கு நேரே 'பூமிக்கு முன்' என்றும், பிறந்த ஊருக்கு நேரே 'ஒரு நட்சத்திரம், பெயர் நினைவில்லை' என்றும் எப்போதும்போல எழுதினார். கனகமணி விஷயத்தைச் சொன்னாள்.

"நானாச் சிதைய முடியாது தாயி, எங்களுக்கு அது வராது. ஆனா ஒரு நியூட்ரான் கொண்டாந்து குடுத்தா வாங்கிக்கிடுவேன். முப்பத்தொண்ணு ஆயிருவேன். அந்த உடம்பு தாங்காது. ரெண்டரை மணி நேரத்துல பாதிப் பேரு பாஸ்பரஸா மாறிருவாங்க."

"உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி இந்த வேலை?"

"எங்களுக்குக் கை நாலு. பாஸ்பரசுக்கு அஞ்சு. ஒரு கை கூட இருந்தா என்ன செய்யலாம்னு ரொம்ப நாளா யோசனை."

கனகமணிக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் படிவத்தை எடுத்து நீட்டினாள்.

அணுக்கருவை விட்டு வெளியே வந்த நியூட்ரான் சராசரியாகக் கால் மணி நேரம்தான் தாங்கும். அதனால் வெள்ளிக்கிழமை காலை பக்கத்துக் கல்லூரி இயற்பியல் துறையிலிருந்து ஆட்டோவில் ஏற்றி, ரயில்வே கேட் மூடுவதற்கு முன் கொண்டுவந்தாள். அண்ணாச்சி அதை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பதினோரு மணி. மதியம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வேண்டாம்னு தோணுதா அண்ணாச்சி?"

"வாங்கியாச்சு தாயி. இனி அது என் கையில இல்ல."

இரண்டு பத்துக்குச் சிதைந்தார். ஓர் எலெக்ட்ரான் வாசல் வழியாக வெளியேறியது. கூடவே ஓர் எதிர்நியூட்ரினோ, கையெழுத்துப் போடாமல் சுவர் வழியாகப் போய்விட்டது. பெஞ்சில் இருந்த பாஸ்பரஸ் ஐந்தாவது கையை விரித்து விரித்துப் பார்த்தது. கனகமணியை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

வைகுண்டராமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது யாரு?"

"பாஸ்பரஸ், சார். காலையில சிலிக்கான்."

"பாஸ்பரஸ் உரப்பிரிவு. நம்ம பிரிவுல இருக்கிறவங்கள்ல யாரும் சிதையல. சிதைஞ்சவங்க யாரும் நம்ம பிரிவுல இல்ல." பத்தியில் 'இல்லை' என்று தம் கையாலேயே எழுதினார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்தப் பத்தியில் விழுந்த முதல் எழுத்து அது. பாஸ்பரஸ் அன்று மாலையே கத்தரித் தோட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தது.

திங்கட்கிழமை மாற்றல் ஆணை வந்தது. அதில் கனகமணியின் பெயர் இல்லை. 'அலுவலகம்' என்று இருந்தது. கட்டடத்தைப் பணியிலிருந்து விடுவித்தார்கள். ஒன்பது நாற்பது பஸ்ஸில் அது ஏறியபோது, கண்டக்டர் உள்ளே தள்ளி நிற்கச் சொன்னார். கனகமணி நாற்காலியைப் புங்கமரத்தடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து மலையிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. குளிர் தாங்கவில்லை, ஸ்வெட்டர் ஒன்று வேண்டும் என்று கட்டடம் எழுதியிருந்தது. அப்பா நூல்கண்டைப் பிரித்துக் கொடுக்க, கனகமணி பின்னத் தொடங்கினாள். ஜன்னலுக்கு மூன்றரை அடி விட்டாயிற்று. கழுத்துக்கு எவ்வளவு விடுவது என்றுதான் தெரியவில்லை. எழுதிக் கேட்டிருக்கிறாள்.