உப்புத் தண்ணீரில் கழுவிய ஆறு ஏசி

மாசி பிறந்துவிட்டால் தனகோடிக்கு வீட்டில் கால் தரிக்காது. வெயிலுக்கு முன்னால் ஏசியைப் பார்க்கிறவன் புத்திசாலி, வெயில் வந்த பிறகு பார்க்கிறவன் முதலாளி என்று அவன் ஒரு பழமொழியே வைத்திருந்தான். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு மேற்கே நெல் போடும் குடும்பம். இவன் மட்டும் ஐ.டி.ஐ. படித்து ஏசி மெக்கானிக் ஆனான். ஊரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஜன்னல் ஏசி வைத்திருந்த டாக்டர், வக்கீல் எல்லாருக்கும் அவனைத் தெரியும். கடற்கரைப் பக்கம் மட்டும் அவன் ஏசி வேலைக்குப் போனதில்லை. போகாமலே இருந்திருக்கலாம்.

தொண்ணூற்று ஏழாம் வருஷம் திருவிடந்தையில் ஒரு பீச் லாட்ஜுக்கு அவனைக் கூப்பிட்டார்கள். ஆறு ஏசி ரூம். முதலாளி செல்வராஜ் சென்னையில் இருந்துகொண்டு சனிக்கிழமை சனிக்கிழமை வருவார். மற்ற நாளெல்லாம் லாட்ஜ் ரெபேக்காளின் பொறுப்பு. கோவளத்துக்காரி, தனகோடியைவிட ஐந்தாறு வயது பெரியவள். புருஷன் கடலுக்குப் போகிறவன். வலையில் மீன் விழாத நாளில் இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரியும். கோவளத்து மாதா கோயில் சாமியார் வீட்டு ஃபிரிட்ஜைத் தனகோடி சரிபண்ணியதைப் பார்த்துவிட்டு, “நல்ல பையன் மொதலாளி, நான் பொறுப்பு” என்று இவனுக்காகப் பேசியவள் அவள்தான்.

ஏசி வேலை நடந்த அந்த நாலு நாளைத் தனகோடி இன்றைக்கும் மறக்கவில்லை. சுவரிலிருந்து ஏசியை உருவும்போது மறுபக்கம் தாங்க ஆள் வேண்டும். ரெபேக்காள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, “புடிச்சிகினேன், நீ இழு” என்பாள். மத்தியானம் நெத்திலிக் குழம்பு. “மெக்கானிக்கு, சோறு வச்சிக்க, வெக்கப்படாத. உன் பொண்டாட்டி புள்ளத்தாச்சின்னியே, அவளுக்கும் சேத்து நீயே துன்னு” என்று கேலி பண்ணுவாள். ஒவ்வொரு ரூம் முடிந்து ஏசி ஓட ஆரம்பித்ததும் அதற்கு நேரே போய் நின்று கண்ணை மூடிக்கொள்வாள். “ஏசுவே! மோட்சம்னா இப்டித்தான் சில்லுனு இருக்கும்” என்பாள். அடடா, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கூடப் பிறந்த அக்கா இல்லாத குறை அவனுக்கு அந்த நாலு நாளில் தீர்ந்தது.

ஆனால் முதல் நாளே ஒரு பேச்சு நடந்தது. ஏசியின் பின்பக்கம் செம்புக் குழாயும் மெல்லிய அலுமினியத் தகடுமாக இருக்கும் காயிலைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். தோட்டத்து போர்வெல்லின் போர் குழாயை அவன் எடுத்தபோது ரெபேக்காள் தடுத்தாள்.

“அது உப்புத் தண்ணிப்பா. இத்துல கழுவுனா பித்தளைக் குடமே பச்சை பூத்துப் போவுது. இன்னும் அஞ்சு நாள்ல லாரி வரும், நல்ல தண்ணி ரெண்டு டிரம் புடிச்சித் தரேன்.”

“அதுக்கு அஞ்சு நாள் குந்திகினு இருக்கவா? மிஷின் இன்னா குடிக்கவா போவுது? வுடுக்கா.”

அவன் ஊரில் எந்தக் கிணற்றில் இறைத்தாலும் கல்கண்டுத் தண்ணீர். தண்ணீர் இரும்பைத் தின்னும், செம்பைத் தின்னும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஆறு ஏசியையும் போர் தண்ணீரிலேயே பளபளவென்று கழுவி மாட்டிவிட்டு, வண்டியில் பாட்டுப் பாடிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தான்.

சித்திரை பிறந்ததும் ஊர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. ஆறு ரூமிலும் அனல் காற்று. லாட்ஜோ நிரம்பி வழிகிறது. தனகோடி போய் ஏசியைக் கழற்றிக் காயிலில் சோப்பு நுரையைத் தடவினான். முட்டை முட்டையாகக் கிளம்பியது. தகடுகளைத் தொட்டால் மாவாக உதிர்ந்தன. குழாயெல்லாம் ஊசிக்கண் ஓட்டை. குளிர் தரும் கேஸ் முக்காலும் போய்விட்டிருந்தது. பக்கத்தில் நின்ற ரெபேக்காளைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள்.

அன்றைக்குச் சனிக்கிழமை. செல்வராஜ் வந்தார், வெள்ளைப் பொடி பூத்த காயிலை விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்பு! எவன்யா இதப் போர் தண்ணில கழுவுனது?”

தனகோடி வாயில் கொழுக்கட்டை வைத்தவன் போல நின்றான். ஆறு காயில் பாழ். கடற்கரை முழுக்கப் பேர் நாறிவிடும், இனி எவனும் கூப்பிடமாட்டான், வீட்டில் பெண்டாட்டிக்கு எட்டு மாதம். சொல்லிவிடலாம் என்று தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் ரெபேக்காள் முந்திக்கொண்டாள்.

“நான்தான் மொதலாளி. வெளிப்பக்கம் தூசியா கீதேன்னு வாராவாரம் போர் குழாயப் புடிச்சி அடிச்சேன். தெரியாம செஞ்சிட்டேன்.”

செல்வராஜ் குதித்த குதி கொஞ்சநஞ்சமல்ல. அந்த நிமிஷமே கணக்கு முடித்து அவளை அனுப்பினார். அப்போதாவது பேசினானா? பாவி, பேசவில்லை. ரெபேக்காள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து, “மசமசன்னு நிக்காத. ரூமெல்லாம் ஜனங்க வெந்துகினு கீறாங்க, சீக்கிரம் ரெடி பண்ணு” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனாள்.

மூன்று நாள் தூங்காமல் ஆறுக்கும் புதுக் காயில் போட்டான். செல்வராஜ் முதுகில் தட்டி, இனி வருஷா வருஷம் நீதான் என்றார். போனான். பன்னிரண்டு வருஷமும் மாசியில் போனான், வண்டியில் இரண்டு கேன் நிறைய ஊர்த் தண்ணீரைக் கட்டிக்கொண்டு. அவள் நின்ற இடத்தில் ஏசிக்கு எதிரே நின்று பார்ப்பான். குளிர் முகத்தில் அடிக்கும்போது அழுகை முட்டும். ஒரு தரம் கோவளத்துக்குத் தேடிப் போனான். வீடு பூட்டியிருந்தது. பிழைப்பு இல்லாமல் பழவேற்காட்டுக்கு, அவள் தங்கச்சி ஊருக்கே குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதைக் கேட்டதும் அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவுக்காகத்தான் அவன் தன்னை மன்னிக்கவே இல்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் செல்வராஜ் ஜன்னல் ஏசியை எல்லாம் எடுத்துவிட்டு ஸ்பிளிட் ஏசி போடச் சொன்னார். கடைசி ஏசியையும் இறக்கி வைத்துவிட்டுத் தனகோடி அவர் முன்னால் போய் நின்றான்.

“சார், ஒண்ணு சொல்லணும். அன்னிக்குப் போர் தண்ணில கழுவுனது ரெபேக்கா அக்கா இல்ல. நான்தான்.”

“எந்த ரெபேக்கா?”

சொல்லிப் புரியவைக்க ஐந்து நிமிஷம் ஆனது. ஞாபகம் வந்ததும் பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அட கூறுகெட்டவனே! அன்னிக்கே சொல்லியிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு வுட்டிருப்பேன். அந்தச் சித்திரை வெயில்ல வேற மெக்கானிக்குக்கு நான் எங்கடா போறது? உன்ன அனுப்ப முடியாது. அந்தப் பொண்ண அனுப்பவும் வேலையில்ல. ரெண்டு பேருமே இருந்திருப்பீங்க. சரி வுடு, அதெல்லாம் ஆச்சு. அஞ்சாம் நம்பர்ல பைப் எந்தப் பக்கம் வருது?”

தனகோடி பைப் வரும் பக்கத்தைக் காட்டினான். வேலை போகும், பேர் போகும் என்று பயந்து வாயை மூடினானே, போவதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அன்றைக்கு அவன் ஊருக்குத் திரும்பவில்லை. வண்டியை வடக்கே விட்டான். பழவேற்காடு நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. தெரு தெரியாது, யாரைக் கேட்பது என்றும் தெரியாது. மன்னிச்சிக்கோ என்று சொல்வதுகூடச் சுலபம். அவன் சொல்ல வேண்டியது வேறு. “யக்கா, நான் வாயத் தொறந்திருந்தா நீ போயிருக்கவே வேணாம்.”