பியூலா பேசிய படம்

காது கேளாத குழந்தைகளைப் பற்றிப் படம் எடுக்கிறார்கள், நடிக்கப் பிள்ளைகள் வேண்டுமாம் என்று பனியன் கம்பெனியில் பேச்சு வந்ததும், சாத்தான்குளத்திலிருந்து பிழைக்க வந்த ரோஸ்மேரி செக்கிங் டேபிள் வேலையை அப்படியே போட்டுவிட்டு மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். பியூலாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. பஸ்ஸிலும் சர்ச்சிலும் அவளுக்காக யாரிடமாவது மன்னிப்புக் கேட்டே ரோஸ்மேரிக்குப் பழகிவிட்டது. பியூலா பியூலாவாக இருந்தாலே போதும் என்கிற இடம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைத்தாள்.

கம்பெனி குடோனில் ஷூட்டிங். பனியன் வேஸ்ட் துணியைக் காதில் அடைத்துக்கொண்டு, நன்றாகக் காது கேட்கிற பிள்ளைகள் வரிசையாகச் சோகமாய் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் பியூலா தொண்டை அதிரச் சிரித்தாள்.

"கட்!" என்றான் செந்தில்வேல். முதலாளி மகன், அவன்தான் டைரக்டர். "ஏனுங்க, காது கேக்காத புள்ள இத்தன சத்தம் போடுங்களா?"

"கேக்காததுனாலதான் சார் போடுதா. அவ சத்தம் அவளுக்குத் தெரியாதுல்லா."

"நெசந்தானுங்க. ஆனா பாக்கறவங்க நம்போணுமில்ல? எங்கக்கா புள்ள சத்யப்பிரியாவப் பாருங்க!"

சத்யப்பிரியாவின் காதருகே தகர டின்னைத் தட்டினார்கள். இமைகூட அசையவில்லை. நம் பிள்ளையும் இப்படி அடக்கமான செவிடாக இருந்தால் என்ன என்று ரோஸ்மேரி நினைத்தாள். நினைத்ததும் உடம்பு கூசியது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

"போயிராதீங்க," என்றான் செந்தில்வேல். "பாப்பா மொகம் கலகலன்னு இருக்குது. கதையில காது கேக்கற புள்ள ஒண்ணு வருது, அதுக்குப் போட்டுக்கலாமுங்க."

"சார், அவளுக்குப் பேச..."

"டப்பிங் எதுக்குங்க இருக்குது?"

கேமராவுக்குப் பின்னால் நின்று ரோஸ்மேரி முந்தானையை வீசினாள். மணிச்சத்தம் கேட்டதுபோல் பியூலா திரும்பினாள். ஒரே டேக்கில் ஓகே ஆனது.

படம் வந்தபோது, கூட வேலை செய்கிற கருத்தம்மாவோடு தியேட்டருக்குப் போனார்கள். திரையில் பியூலா வாயைத் திறந்தாள்.

"ஏனுங்கம்மா, நான் கூப்புடறது கேக்குதுங்களா?"

சத்யப்பிரியாவின் குரல். கேட்குது கண்ணே என்று சொல்ல ரோஸ்மேரி வாயெடுத்தாள். அதற்குள் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாத்தான்குளத்துப் பிள்ளை பெற்ற தாயை இந்த ஊர்க்காரர்கள்போல் 'ங்க' போட்டா கூப்பிடும்?

எழுந்து நின்றாள். "எம்புள்ள 'எம்மா'ன்னுதான் கூப்பிடும்!"

"உக்காருங்கக்கா, படம் மறைக்குது!" என்றார்கள் பின்னாலிருந்து.

கருத்தம்மா சேலையைப் பிடித்து இழுத்தாள். "அவ பேசி நீ எப்ப கேட்ட?"

"கேக்கணுமாக்கும்?" என்றாள் ரோஸ்மேரி. உட்காரவில்லை.