திட்டில் பாதி

எல்லாரும் சௌக்கியமா? ராத்திரி தூக்கம் ஒழுங்கா வருதா? நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி கழுத்தை நீட்டிக்கிட்டு உக்கார்ந்திருக்கிறவங்க ஒரு நடை நடந்துட்டு வந்து படிங்க. கதை எங்கேயும் ஓடிப்போகாது.

ஒரு மென்பொருள் அலுவலகம். அதில் ஏழெட்டுப் பேர் கொண்ட ஒரு குழு. அந்தக் குழுவில் புதிதாகச் சேர்ந்த டெஸ்டர் பெண்ணுக்குக் கண் தெரியாது. மற்றவர்கள் செய்கிற செயலியில் ஓட்டை உடைசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துச் சொல்வதுதானே டெஸ்டர் வேலை? திரையில் இருப்பதையெல்லாம் அவளுக்கு உரக்க வாசித்துக் காட்ட ஒரு மென்பொருள் உண்டு. மூச்சுவிடாமல் பேசும் அந்தக் குரலுக்கு அவள் வைத்திருந்த பெயர் அத்தை.

"உங்க அத்தை இன்னைக்கு என்ன சொல்றாங்க?" என்று பக்கத்து நாற்காலிச் சுருட்டை கேட்பான். தலைமுடியால் அந்தப் பெயர் வாங்கிய புரோகிராமர் அவன்.

"நீ எழுதினது சகிக்கலைன்னு சொல்றாங்க. வேற என்னத்தைப் புதுசா சொல்லப்போறாங்க?"

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போனது. ஆனால் வேலை? சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு வந்ததெல்லாம் பூப்போல எடுத்து வைக்கிற வேலைகள். யாரோ முடித்ததை இன்னொரு தரம் பார், அவ்வளவுதான். எல்லாரும் தங்கமானவர்கள். அந்தத் தங்கம்தான் அவளுக்குத் தொண்டையில் முள்ளாய் நின்றது. ஒரு பக்கத்தையாவது "இது உன் பொறுப்பு" என்று கொடுக்க மாட்டார்களா என்று ஏங்கிப்போனாள்.

நச்சரித்து நச்சரித்து, கடைசியில் டீம் லீட் ஒன்றைக் கொடுத்தார். ஆஸ்பத்திரிச் செயலியில் ஒரு பக்கம். நோயாளியின் ரிப்போர்ட்டை வீட்டில் உள்ளவர்களும் பார்க்க வேண்டுமானால், நோயாளி அதில் "அனுமதி அளி" என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அவள் அதைக் குடைந்து, கவிழ்த்து, உலுக்கிப் பார்த்து, சரி என்றாள். பக்கம் ஊரார் கைக்குப் போனது.

அடுத்த வாரம் நடுவில் அக்கா போன் செய்தாள்.

"ஏய், அந்த ஆஸ்பத்திரி ஆப்ல பட்டனை மாத்தினது நீதானா?"

"எந்தப் பட்டன்? அது என் பக்கம்க்கா, நான் பார்த்து ஓகே சொன்னது."

"நல்லா பார்த்தே போ! திங்கக்கிழமை 'அனுமதி அழி'ன்னு இருந்துச்சு. அமுக்கினா இருக்கிற ரிப்போர்ட்டும் போயிடும்னு அப்பா பயந்துபோய் போனைக் கவுத்து வெச்சுட்டார். இன்னைக்கு சரியா இருக்கு."

"அளியா, அழியா? எந்த ழ-க்கா?"

"மழைக்கு வர்ற ழ."

அவளுக்குப் புரிந்துபோனது. அத்தைக்கு எல்லாம் வரும், ழ மட்டும் வராது. வாழைப்பழத்தை வாளைப்பளம் என்றுதான் சொல்லும். அந்தப் பக்கத்தை எழுதிய சுருட்டை விரல் பிசகி ழ அடித்திருக்கிறான். அத்தை அதை ள என்று வாசித்திருக்கிறது. இவள் தலையாட்டியிருக்கிறாள்.

அதைவிட இன்னொன்று சுட்டது. திங்கட்கிழமை டீம் லீட் அறையிலிருந்து ஒரே சத்தம் கேட்டது. என்னடா என்று விசாரித்தபோது, "பிரிண்டர் மேல கோவமா இருக்கார்" என்றான் சுருட்டை. ஆக, அவனைத் திட்டியாயிற்று, பக்கத்தைத் திருத்தியாயிற்று. பாவம், அவளுக்கு எதற்குச் சொல்லணும் என்று எல்லாருமாகச் சேர்ந்து மூடியும் வைத்தாயிற்று. இவளும் வாயை மூடிக்கொண்டால் இனி இவள் பெயரில் ஒரு பக்கமும் வராது. வாயைத் திறந்தால், "பார்த்தீங்களா, இவங்களால முடியாது" என்று ஆகிவிடுமோ?

வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் குழு வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் கற்றுக்கொண்டதை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லும். இவள் முறை வந்ததும் டீம் லீட், "உங்களுக்கு எல்லாம் நல்லபடியா போச்சு இல்லம்மா? சரி, அடுத்து..." என்று தாண்டப் பார்த்தார்.

"இல்ல சார், எனக்கு ஒண்ணு இருக்கு. என் பக்கத்துல அளின்னு இருக்க வேண்டிய இடத்துல அழின்னு போயிருக்கு. எங்க அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

சுருட்டையின் நாற்காலி கிறீச்சிட்டது.

"டைப் பண்ணது நான்தாங்க," என்றான் சுருட்டை. "நீங்க எதுக்கு..."

"உன்னைத் திட்டினாரா?"

"பின்னே? காது கிழியக் கிழிய."

"பாஸ் பண்ணது நான். அந்தத் திட்டுல பாதி என்னுது. குடுங்க சார்."

"என்னம்மா இது, திட்டைப் போய் யாராவது கேட்டு வாங்குவாங்களா? எனக்கு உங்களைத் திட்ட வரலையே."

"அவனைத் திட்ட மட்டும் வந்துச்சா?"

டீம் லீட் தொண்டையைச் செருமினார். மெதுவாகத்தான் ஆரம்பித்தார், போகப் போகச் சூடு பிடித்துக்கொண்டது. "ஏம்மா, உங்க அத்தைக்கு ழ வராதுன்னு உனக்குத் தெரியும்ல? பக்கத்துல தடிமாடு மாதிரி ஒருத்தன் உக்கார்ந்திருக்கான், எந்த ழன்னு ஒரு வார்த்தை கேட்டா வாய் தேஞ்சா போயிடும்? எத்தனை பேர் பயந்து போனைக் கவுத்து வெச்சாங்களோ!"

"எங்க அப்பாவே வெச்சுட்டார் சார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் முகம் சிவந்து, காது சுட்டது. ஆனால் "உங்களுக்கு" போய் "உனக்கு" ஆனது அவளுக்கு இனித்தது.

"போதுமா?" என்றார்.

"போதும் சார். அத்தையையும் நேத்து சரி பண்ணிட்டேன். ழ வர்ற இடத்துலெல்லாம் இனிமே டிங்குன்னு மணியடிக்கும். அடுத்த பக்கம் எது எனக்கு?"

"அடுத்ததா? அது வந்து... கொஞ்சம் யோசிச்சு..."

"திட்டு வாங்கின கையோட சுருட்டை அடுத்த பக்கத்தை ஆரம்பிச்சுட்டான் சார். அவனுக்கு யோசிச்சீங்களா?"

அவர் யோசிக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பேனாவை எடுத்துப் பட்டியலில் குறித்துக்கொண்டே, "டாக்டரைப் பார்க்க நாள் குறிக்கிற பக்கம். முழுசும் உன் பேர்ல," என்றார். "தப்பு வந்தா இந்தத் தடவை திட்டு பாதி இல்ல."

"ஐயையோ," என்றான் சுருட்டை. "திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமைன்னு அது பூரா கிழமையா இருக்குமே! டிங் டிங்னு எங்க காது என்ன ஆகுறது?"

"பஞ்சு வாங்கித் தரேன்டா," என்றாள் அவள்.

உங்களையும் பாவம்னு சொல்லி யாராவது ஓரமா உக்கார வெச்சாங்களா? என்ன சொல்லி எழுந்து வந்தீங்க? இல்ல, உக்கார வெச்சது நீங்கதானா? எதுவா இருந்தாலும் கூச்சப்படாம கீழே எழுதுங்க. எழுத்துப்பிழை இருந்தா பரவாயில்லை, ழ-வை மட்டும் பார்த்துப் போடுங்க.