எது முதல்ல?

வீட்டில் இருக்கும் மாத்திரைகளை எல்லாம் ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். மகள் ஒன்றை விட்டுவிட்டாள், வேண்டுமென்றேதான். அந்த அட்டை அவளுடைய கைப்பையின் உள்ளறையில் இருந்தது.

அப்பாவுக்கு ஞாபகப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. மகளுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. பஸ் கண்டக்டர், நாளெல்லாம் நின்றே பிழைப்பவள். கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"இன்னைக்கு என்ன தேதிங்க ஐயா?"

"அதுக்குத்தான் காலண்டர் மாட்டி வச்சிருக்கீங்களே டாக்டர். அந்த வேலையையும் நானே பாக்கணுமா?"

அப்பா இப்படித்தான். பதில் தெரியாத இடத்தில் ஒரு நக்கலைப் போட்டு ஒப்பேற்றிவிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள், ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். டாக்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார். பிறகு ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் அழகாகத்தான் வந்தது. பன்னிரண்டு எண்களும் அதன் வலது பக்கத்திலேயே, படிக்கட்டை விட்டு நகராத பஸ் கூட்டம்போல நெருக்கியடித்து நின்றன.

டாக்டர் மேஜையில் பரப்பிய மாத்திரைகளைப் பார்த்தார். "பிரஷருக்கு, சர்க்கரைக்கு... இவ்வளவுதானாம்மா? தூக்கத்துக்கு, சளிக்குன்னு கடையில நீங்களா வாங்கினது ஏதாவது?"

அவள் அந்த அட்டையை எடுத்து வைத்தாள்.

"சளி மாத்திரைங்க. ராத்திரி பூரா வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டே இருப்பாரு. எனக்கு விடியக்காலம் நாலு மணிக்கு டூட்டி. இதக் குடுத்தா தூங்கிடுவாரு. அவருக்குச் சளியெல்லாம் இல்ல."

சொல்லி முடித்ததும் முகம் எரிந்தது. பெற்ற தகப்பனுக்கே மருந்து வைத்தவள் ஆகிவிட்டாள்.

டாக்டர் திட்டவில்லை. "வயசானவங்களுக்கு இது புத்தியவே குழப்பிடும். இன்னையோட நிறுத்திடுங்க. ரத்தமும் எடுத்துப் பாத்துடுவோம். இதனாலதான்னா சில வாரத்துல தெளிஞ்சிடுவாரு. இல்லேன்னா நோய்தான். அதுக்கும் வைத்தியம் இருக்கு, ஆனா முழுசா மாறாது. சொல்லுங்க, எது முதல்ல? மறதியா, மாத்திரையா?"

அவள் பரபரவென்று யோசித்தாள். சலூனுக்குப் போனவர் திரும்பி வர வழி தெரியாமல் அடுத்த தெருவில் நின்றாரே, அது மாத்திரைக்கு முன்பா, பின்பா? அத்தையை வேறு பெயரில் கூப்பிட்டாரே, அது? எல்லாம் பின்பாகவே இருக்கட்டும். எல்லாம் தன்னால் வந்ததாகவே இருந்துவிடட்டும். தப்பு தன் தலையில் விழவேண்டும் என்று அவள் இப்படித் தவித்ததே இல்லை. மாத்திரைதான் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பொய் சொன்னால் வைத்தியம் கெட்டுவிடும் என்பதும் தெரிந்திருந்தது.

"சரியா ஞாபகம் இல்லைங்க டாக்டர்."

அப்பா அவள் முழங்கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார். டாக்டர் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். இந்த முறை அதில் நக்கல் இல்லை.

"கொஞ்ச நாளாவே இவளுக்கு இப்படித்தான் டாக்டர். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. நல்லாப் பாருங்க."