சத்தம் போடாத ஜாதி

“பகல்ல கத்தாத பூனையா வேணும்,” என்றாள் ஐமான்.

நைல்யா நிமிர்ந்து பார்த்தாள். அவள் மடியில் ஒரு பூனை, ஜன்னல் விளிம்பில் ஒன்று, ஃபிரிட்ஜ் மேல் ஒன்று. அல்மாட்டியின் அந்த வட்டாரத்தில் யாரால் பூனை வளர்க்க முடியாமல் போனாலும் கடைசியில் நைல்யாவின் கதவைத்தான் தட்டுவார்கள். கேட்டு வருகிறவர்களை அவள் போலீஸ் மாதிரி விசாரிப்பாள்.

“ராத்திரி கத்தினா பரவாயில்லையா?”

“ராத்திரி இவர் டாக்ஸி ஓட்டப் போயிடுவார் அக்கா. பகல்லதான் தூக்கம். ஒற்றை அறை வீடு.”

ஐமானின் கணவன் சாபித் அதற்குச் சாட்சி சொல்வது போலக் கொட்டாவி விட்டான்.

“அப்ப சயாமீஸ் வேண்டாம். நாள் பூரா பேசும். பதில் சொல்லலைன்னா கோவிச்சுக்கும்.”

“வீட்ல ஏற்கெனவே அப்படி ஒண்ணு இருக்கு,” என்றான் சாபித். ஐமானின் முழங்கை அவன் விலாவைத் தேடிப் போயிற்று.

“பெங்கால் திரைச்சீலையில ஏறி விளக்குல தொங்கும். முடியில்லாத ஸ்ஃபிங்ஸ் வாங்கினா, நகரம் பூரா ஹீட்டர் போடறதுக்கு முன்னாடி வர்ற குளிர்ல சட்டை தைச்சுப் போடணும். மெய்ன் கூன் வாங்கினா அது உள்ள இருக்கும், நீங்க பால்கனியில படுத்துக்கலாம்.” நைல்யா அலமாரி மேல் கையை நீட்டி, சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டையை இறக்கினாள். மூட்டைக்கு ஆரஞ்சு நிறக் கண்கள் இருந்தன. “இவன்தான் உங்களுக்கு. பிரிட்டிஷ். உட்காருவான், திம்பான், தூங்குவான். இங்க வந்ததுலேர்ந்து வாயைத் திறந்ததே இல்லை.”

“எங்கேர்ந்து வந்தான்?”

“கோடைல கராஜ்களுக்குப் பின்னாடி கிடந்தான். இந்த ஜாதி தெருவுல பிறக்காது. யாரோ துரத்திவிட்டிருக்கான், பாவி.” நைல்யா குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு சொல்றேன், பயப்படாதீங்க. புது வீட்டுக்குப் போனா வயித்தைத் தரையில தேச்சுக்கிட்டுப் போய் எங்கயாவது ஒளிஞ்சுக்குவான். சாப்பிடக்கூட வர மாட்டான். எல்லாப் பூனையும் அப்படித்தான்.”

ஐமான் பூனையை வாங்கிக்கொண்டாள். அது ஒரு முனகல்கூட இல்லாமல் அவள் தோளில் தலையைச் சாய்த்தது.

புது வீட்டுக்குள் மனிதர் நுழைவதற்கு முன்னால் பூனை நுழைய வேண்டும். அந்த நகரத்தில் யாரும் அதற்குக் காரணம் கேட்பதில்லை. கடன் வாங்கிய பூனையை விட்டு வேலையை முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஐமானுக்கு அது பிடிக்கவில்லை. எது நுழைகிறதோ அதுதான் அங்கே வாழ வேண்டும். ஊரில் இருந்த வீட்டையும் மாட்டுக் கொட்டகையையும் விற்று, வாடகை அறையில் ஒதுங்கிக் கிடந்து, இந்த ஒரு வீட்டுக்காகத்தான் இருவரும் காத்திருந்தார்கள். நாளை காலை நோட்டரி முன்னால் கையெழுத்து. அதோடு கையில் இருந்த அத்தனையும் கைமாறிவிடும்.

அதனால்தான் வீட்டை விற்கும் கர்லிகாஷின் முகம் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஐமானுக்குப் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை வேலை. ‘வலியே இல்லை’ என்று சொல்லிக்கொண்டு கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். கர்லிகாஷ் அப்படித்தான் பேசினாள். வீடு அவளுடைய சித்தப்பா தெமிர்பெக்குடையதாம். அவர் மகனோடு சேமேய் நகருக்குப் போய்விட்டாராம். விற்கிற அதிகாரத்தை இவளிடம் எழுதிக் கொடுத்துவிட்டாராம். எல்லாம் சரிதான். ஆனால் சமையலறைக் கதவு நிலையில் முழங்காலுக்குக் கீழே மரம் ஏன் சிராய் சிராயாகக் கிழிந்திருக்கிறது என்று கேட்டபோது, “ஃபிரிட்ஜை நகர்த்தறப்ப உரசிடுச்சு” என்றாள்.

“பூனை ஏதாவது வளர்த்தாரா?”

“பூனையா? சித்தப்பாவுக்குப் பூனை முடி ஆகாது. இந்த வீட்ல ஒரு மிருகமும் இருந்ததில்லை.”

அதைச் சொல்லும்போது அவள் கை தானாகக் கழுத்துச் சங்கிலிக்குப் போயிற்று.

இன்னொன்றும் இருந்தது. கர்லிகாஷுக்கு அவசரம். “ஆப்பிள் பறிச்சு முடியறதுக்குள்ள பத்திரத்தை முடிச்சுடலாம்,” என்று தொலைபேசியில் இரண்டு தடவை சொன்னாள். பத்திரத்துக்கும் ஆப்பிளுக்கும் என்ன சம்பந்தம் என்று ஐமான் கேட்டாள். “சும்மா பேச்சுக்குச் சொன்னேன்.”

பூனையை முதலில் விட வேண்டும் என்றதும் கர்லிகாஷ் தயங்கினாள். “கையெழுத்தெல்லாம் ஆனதும் விட்டுக்கோங்களேன்.”

“பூனை நுழையாத வீட்டுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

மறுமுனையிலிருந்து, “என்ன ஜாதி?”

“ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

பூனை கிடைத்த அன்று மாலையே, வெயில் இறங்குவதற்குள் வந்துவிட்டார்கள். ஐந்து மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. தளத்தில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. கோடை பிறந்தால் அந்தக் கட்டடமே மலையடித் தோட்ட வீடுகளுக்குக் குடிபோய்விடும்; ஆப்பிள் பறித்து முடித்த பிறகுதான் திரும்பும். கர்லிகாஷ் கூடையைப் பார்க்காமலே கதவைத் திறந்துவிட்டு, வாசலில் ஒதுங்கி நின்றாள்.

ஐமான் கூடையின் கதவை நீக்கினாள்.

பூனை வெளியே வந்தது. வயிறு தரையில் படவில்லை. மோந்து பார்க்கவில்லை. வாலைக் கம்பு போல நிமிர்த்திக்கொண்டு நடையில் நேராகப் போய், எதிரே இருந்த சமையலறைக்குள் நுழைந்தது.

“நைல்யா சொன்னது வேற மாதிரியில்ல?” என்றான் சாபித்.

ஐமான் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே சுவருக்குள்ளேயே பதித்த குளிர்ப்பெட்டி இருந்தது. பழைய கட்டடங்களில் குளிர்காலத்தில் பாலும் இறைச்சியும் வைக்கிற பெட்டி. பூனை அதன் கதவிடுக்கில் பாதத்தை நுழைத்து, ஒரே இழுப்பில் திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. உட்கார்ந்து காத்திருந்தது. பிறகு எழுந்து, கதவு நிலைக்கு வந்து, ஏற்கெனவே கிழிந்திருந்த அதே இடத்தில் நகத்தைப் போட்டு நிதானமாகப் பிறாண்டியது.

ஐமான் கர்லிகாஷைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஃபிரிட்ஜ் நகருது போல,” என்றாள்.

கர்லிகாஷ் சிரிக்க முயன்றாள். “வீடு பிடிச்சுப் போச்சு. நல்ல சகுனம்.” அன்று முதல் தடவையாக வாசலைத் தாண்டி ஓர் அடி உள்ளே வைத்தாள்.

பூனை திரும்பியது. முதுகு வில்லாக வளைந்தது. வாயைத் திறக்காத அந்தப் பூனை வாயைத் திறந்தது. அது கத்திய கத்தலில் படிக்கட்டே அதிர்ந்தது.

“எனக்குப் பூனைன்னா ஆகாது,” என்று கர்லிகாஷ் பின்வாங்கினாள்.

“உங்க சித்தப்பாவுக்குத்தானே ஆகாதுன்னீங்க?”

அப்போது கீழிருந்து மூச்சிரைக்க ஒரு குரல் ஏறி வந்தது. “யாரு பூனையை மிதிக்கறது அங்க? காலை உடைப்பேன்.”

இரண்டு கையிலும் ஆப்பிள் வாளிகளோடு ஒரு பருமனான பெண்மணி தளத்துக்கு வந்தாள். எதிர்வீட்டு ஸோயா. பனி விலகியதும் தோட்டத்துக்குப் போனவள், இப்போதுதான் திரும்புகிறாள். உள்ளே பார்த்தவள் வாளிகளை அப்படியே வைத்தாள்.

“அடேய் பட்ஷா. இளைச்சுப் போயிட்டியேடா. உங்கப்பன் எங்க?”

பூனை ஓடிவந்து அவள் காலில் உரசியது.

“நீங்கள்லாம் யாரு?” ஸோயாவின் பார்வை கர்லிகாஷ் மேல் நின்றது. “இவ ஊசி போட வர்ற பொண்ணுல்ல? தெமிர்பெக் எங்கம்மா?”

“அவர் மகனோட சேமேய் போயிட்டாராம்,” என்றாள் ஐமான்.

“எந்த மகன்? அவருக்கு யாருமே கிடையாதே. இந்தப் பட்ஷாதான்.”

கர்லிகாஷ் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டாள். “சிக்னல் இல்லை, கீழ போய்ப் பேசிட்டு வரேன்.” குதிகால் செருப்பின் ஓசை முதல் மாடிவரை நடையாகவும் அதற்குப் பிறகு ஓட்டமாகவும் கேட்டது. சாபித் பின்னாலேயே பாய்ந்தான். அவன் வாசலைத் தொடுவதற்குள் அவள் யாருடைய காரிலோ ஏறியிருந்தாள். ஆனால் டாக்ஸிக்காரன் கண் வண்டி எண்ணை விடாது. போலீஸ் அவளைப் பிடித்தபோது ஆப்பிள் பருவம் முடியவில்லை.

தெமிர்பெக்கை ஸோயாவும் ஐமானும் ஒவ்வொரு மருத்துவமனையாகப் போன் போட்டுத் தேடினார்கள். நகரின் மறுகோடியில் இருந்தார். கோடையில் பக்கவாதத்தில் விழுந்திருக்கிறார். ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டவள் கர்லிகாஷ்தான். “சாவியை நான் பத்திரமா வெச்சிருக்கேன்,” என்றாளாம். இனி அவர் எழுந்து வர மாட்டார் என்று நம்பி, வீட்டை விற்கும் அதிகாரப் பத்திரத்தைப் போலியாகத் தயாரித்திருக்கிறாள். கிழவரை ஏற்றிய அன்றே பூனையையும் வெளியே துரத்தியிருக்கிறாள்.

படுக்கையில் கிடந்தவர் ஐமானைப் பார்த்த பார்வையில் நன்றி ஒன்றும் இல்லை. அவள் கைப்பையைப் பார்த்தார், சாபித்தின் கையைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம்தான் அசைந்தது.

“நீங்களும்... வீட்டுக்குத்தான் வந்தீங்களா?”

ஐமானுக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லத் தோன்றவில்லை. “வீட்டுக்குத்தான் வந்தோம் ஐயா. வாங்க மாட்டோம்.” கைபேசியில் பூனையின் படத்தைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தை அவள் கையிலிருந்து வாங்க முயன்றார். விரல் ஒத்துழைக்கவில்லை.

ஹீட்டர் சூடாகத் தொடங்கிய வாரம் அவர் திரும்பி வந்தார். சாபித்தின் டாக்ஸிதான் கொண்டுவந்தது. தளத்தில் ஊன்றுகோலோடு நின்றவர், கதவு திறந்த பிறகும் நகரவில்லை. கூடையைத் தாடையால் காட்டினார். ஐமான் குனிந்து திறந்தாள். பட்ஷா வாலை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போயிற்று. அதன் பிறகுதான் கிழவர் கால் வைத்தார். ஸோயா ஆப்பிள் ஜாம் பாட்டிலோடு கூடவே போனாள்.

யாரும் இவர்களை உள்ளே கூப்பிடவில்லை. கதவு சாத்திக்கொண்டது. புதிதாகப் போட்ட பூட்டு ஒன்று திரும்பியது, பிறகு பழைய பூட்டு.

காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஐமான் படியிறங்கினாள். இரண்டு மாடி இறங்கியதும் சாபித் கூடையைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டான்.

“நாளைக்குப் பார்க்கப் போற வீடு ஏழாவது மாடி,” என்றான். “நைல்யாகிட்ட என்ன ஜாதி கேக்கறது?”

“எதுவா இருந்தாலும் சரி,” என்றாள் ஐமான். “கையெழுத்துக்கு முன்னாடி அது நுழையணும்.”