சிவப்புப் பிடி

தீயணைப்புச் சிலிண்டரின் அழுத்தமானிக் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு, முள் பச்சையில் நிற்பதைக் காட்டி, "எல்லாம் பக்காவா இருக்கு மாமா" என்றான் மச்சினன். டிரைவர் முள்ளைப் பார்க்கவில்லை. அவன் சட்டையைப் பார்த்தார். ஒரு கறைகூட இல்லை.

குழாய்களைச் சோதிக்க இஞ்சின் அறைக்குள் குனிந்தவன் சட்டை அப்படி இருக்காது. மரம் வெட்டும் அந்த ராட்சத வண்டிக்குள் எங்கே உரசினாலும் எண்ணெயும் மரத்தூளும் பசையாக அப்பும். சூடான புகைக்குழாய்மேல் அந்தத் தூள் காய்ந்து பற்றிக்கொண்டால், நடுக்காட்டுக்கு எந்தத் தீயணைப்பு வண்டியும் வந்து சேராது. அதற்காகத்தான் இருக்கைக்குப் பின்னால் தீயணைக்கும் மாவு அடைத்த சிலிண்டர், அதிலிருந்து இஞ்சினைச் சுற்றி ஓடும் குழாய்கள், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிவப்புப் பிடி. இழுத்தால் குழாய் முனைகளிலிருந்து மாவு சீறி நெருப்பை மூட வேண்டும்.

போன வாரம் பக்கத்து வண்டி பற்றிக்கொண்டபோது மூடவில்லை. வண்டி எலும்புக்கூடாய் நின்றது. "நெருப்பப் பார்த்ததும் குதிச்சிருப்பான் மாமா, பிடியத் தொட்டிருக்கவே மாட்டான்" என்றான் மச்சினன். மேலாளரும் அதையே சொன்னார். குதித்தவனோ ஆஸ்பத்திரியில் கால் உடைந்து கிடந்தான். "இழுத்தேண்ணே. சும்மா புஸ்ஸுன்னுச்சு, அவ்வளவுதான்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த வண்டியின் சிலிண்டரையும் பார்த்துக்கொண்டவன் மச்சினன்தான்.

அதன்பிறகு அவன் எது செய்தாலும் டிரைவருக்கு உறுத்தியது. சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான்? பேசாமல் இருந்தால் எதை மறைக்கிறான்? சாப்பிடும்போது தம்பி தட்டில் மனைவி இன்னொரு கரண்டி வைத்ததைக்கூட இவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவன் போனதும் மனைவி கேட்டாள்.

"அவன ஏன் அப்படி முறைச்சீங்க?"

"முறைக்கல."

"என் தம்பி உங்க உயிரோட விளையாடுவானா?"

விளையாட மாட்டான்தான். ஆனால் சோம்பேறித்தனத்துக்கு அக்கா புருஷன், அடுத்த வீட்டுக்காரன் என்ற பேதம் தெரியுமா?

மறுநாள் காலையில் பட்டறை முற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. மச்சினன் டீ குடித்துக்கொண்டிருந்தான். டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். இஞ்சினைப் போடவில்லை. சிவப்புப் பிடியின் பாதுகாப்பு ஊசியைக் கழற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

வெடித்ததுபோல் ஒரு சத்தம். வெள்ளை மேகம் வண்டியையே விழுங்கியது. மச்சினன் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"மாமா, எங்க தீ? எங்க தீ?"

தீ இல்லையென்று தெரிந்ததும் நின்றான். மாவு அவன் தலையில், புருவத்தில் படிந்துகொண்டிருந்தது.

"என்னையா சோதிச்சுப் பார்த்தீங்க?"

டிரைவருக்குக் கூசியது. இறங்கிவந்து அவன் தோளைத் தொடப் போனார். மேகம் அதற்குள் அடங்கிவிட்டது. இஞ்சின் முழுக்க வெள்ளை. புகைக்குழாயை ஒட்டிய இடம் மட்டும் கறுப்பாகவே இருந்தது. அதற்கு நேர்மேலே இருந்த முனையிலிருந்து ஒரு சிட்டிகை மாவுகூட விழவில்லை.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

"நேத்து இத கழட்டிப் பார்த்தியா?" என்றார் டிரைவர் மெதுவாக.

மச்சினன் முனையைக் கழற்றினான். ஒரு கம்பியை எடுத்து உள்ளே விட்டான். போகவில்லை. திருப்பிப் பிடித்துக் குத்தினான். தலை நிமிராமல் குத்திக்கொண்டே இருந்தான்.

சத்தம் கேட்டு மற்ற டிரைவர்கள் கூடியிருந்தார்கள். ஒருவர் தன் வண்டியை நோக்கி நடந்தார். பிறகு இன்னொருவர். வரிசை நெடுக இஞ்சின் மூடிகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.