படிக்கட்டில் பொதுக்கூட்டம்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. என் அக்கா மகள் அனுப்பி வைத்தாள். அவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள், இந்த வருடம் விடுதி மாணவியர் சங்கத்தில் ஏதோ ஒரு பொறுப்பில் இருக்கிறாள். சங்கத்தின் விதிமுறைகளைப் புதிதாக அச்சடிக்கப் போகிறார்களாம். "சித்தி, நீங்க எழுத்தாளர்தானே, இதைக் கொஞ்சம் மனுஷங்க படிக்கிற மாதிரி ஆக்கிக் குடுங்க" என்றாள். குழாய் ரிப்பேர்காரரைக் கூப்பிடுகிற அதே குரல். எனக்கு அது பிடித்திருந்தது. குழாய் ரிப்பேர்காரரிடம் யாரும் ‘இதன் மூலம் என்ன சொல்ல வருகிறீர்கள்’ என்று கேட்பதில்லை.

இருபது சொச்சம் விதிகள். எல்லாவற்றிலும் ‘மேற்படி’ முளைத்திருந்தது. களையெடுக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க, ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருத்தி சேட்டை செய்துவிட்டு ஓடியிருப்பது தெரிந்தது. ‘பொதுச் சமையலறையில் பிறர் பெயர் எழுதிய பாலைக் குடிக்கக் கூடாது’ என்று ஒரு விதி. அதற்கு அடுத்தது: ‘பெயரை அழித்துவிட்டும் குடிக்கக் கூடாது.’ இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் ஒரு நாவல் நடந்திருக்கிறது, எழுதத்தான் ஆளில்லை.

முதல் விதி மட்டும் என்னை உறுத்தியது. ‘விடுதிக்குள் இடம் கொடுக்கப்பட்ட எவரும் சங்கத்தின் உறுப்பினர்.’ யார் கொடுக்க வேண்டும் என்று சொல்லவே இல்லை. திருத்த வேண்டும் என்று ஓரத்தில் குறித்துவைத்தேன். பிறகு மறந்துவிட்டேன்.

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

மழை விட்டிருந்த மாலையில், விடுதிப் படிக்கட்டில் அவள் தனியாக

[தனியாக என்ன? என் கதைகளில் எல்லாப் பெண்களும் மழை விட்ட மாலையில் தனியாக உட்கார்ந்துகொண்டேதான் இருக்கிறார்கள். எழுந்து போய் ஏதாவது வேலை பார்க்கட்டும்.]

அடுத்து:

சங்கம் என்பது என்ன? மனிதர்கள் கூடி வாழத் தொடங்கிய காலம் முதல்

[கொட்டாவி வந்துவிட்டது. எனக்கே.]

மூன்றாவதுதான் நின்றது:

விடுதியில் இருப்பவர்கள் நூற்றிருபது பேர். பொதுக்கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் பாதிப்பேர் வர வேண்டும். கூட்டம் நடக்கும் பொது அறையில் நாற்பத்தைந்து பேருக்கு மேல் கூடாது.

இதில் என் கற்பனை ஒன்றுமில்லை. பாதிப்பேர் என்பது ஆறாம் விதி. நாற்பத்தைந்து என்பது தீ விபத்துப் பாதுகாப்புக்காகக் கடைசியில் ஒட்டிய விதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அக்கா மகளைக் கூப்பிட்டேன்.

"உங்க கூட்டமெல்லாம் எங்க நடக்குது?"

"பொது அறையிலதான். ஏன் சித்தி?"

"அறுபது பேர் அதுக்குள்ள எப்படிப் போவீங்க?"

"எங்க போறது? நாப்பது பேர் வந்தாலே மூச்சு முட்டும்."

"அப்ப உங்க சங்கம் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு முடிவும் எடுக்கலடி."

"வாஷிங் மெஷின் வாங்கினோமே" என்றாள்.

"அது செல்லாத வாஷிங் மெஷின்."

இத்தனை வருடம் இது எப்படி ஒருவர் கண்ணிலும் படவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். அறை நிரம்பிவிட்டால் ஊரே வந்துவிட்ட மாதிரிதான் தெரியும். கதவருகே நான்கு பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால், வராதவர்களைப் பற்றி யார் நினைக்கப்போகிறார்கள்? ‘நல்ல கூட்டம்’ என்று செயலாளர் எழுதிவிட்டு டீ கொடுத்திருப்பார்.

3

இனி ஆட்கள்.

செயலாளரை எல்லோரும் சாவி என்று கூப்பிடுகிறார்கள். பொது அறைச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிவாள், குளிக்கும்போதுகூட. ஆராய்ச்சி மாணவி. விடுதியில் யாருக்கு என்ன தொலைந்தாலும் அவளிடம்தான் கேட்பார்கள்.

சட்டம் படிக்கிறவளுக்கு ஷரத்து என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் "எந்த விதியில இருக்கு?" என்பாள். பிறந்தநாள் கேக் வெட்டும்போதும் கேட்பாள். அவளை வில்லியாக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவளுக்கு ஒரு கூர்மூக்குகூட வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கம் எழுதியதும் சந்தேகம் வந்துவிட்டது. விதியைக் கேட்கிறவள் கெட்டவள் என்று எந்த விதியில் இருக்கிறது? மூக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

தலைவர், கால்நடை மருத்துவம் படிக்கிறாள். விடுதிக்கு அவள் மாட்டு டாக்டர். நல்ல கனத்த குரல், மைக் தேவையில்லை. கதைக்கு இவர்கள் மூன்று பேர் போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீண்ட விடுமுறையில் வெள்ளையடிப்பதற்காக விடுதியைப் பூட்டப் போகிறார்கள், நிஜத்திலும் கதையிலும். ஒரு மாடியையாவது திறந்து வைக்க வேண்டுமென்றால், சங்கம் பொதுக்கூட்டத்தில் முறையாகத் தீர்மானம் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்று வார்டன் சொல்லிவிட்டார். கெடுபிடியான ஆள் இல்லை. அவருக்கும் மேலே யாரோ கேட்பார்கள். தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் சாவி. பரீட்சை முடிந்து பாதி அறைகள் காலியாகிக்கொண்டிருந்தன. இந்த நேரம் பார்த்துத்தான் கூட்டங்கள் எதுவுமே செல்லாது என்பதை ஷரத்து கண்டுபிடிக்கிறாள். (நான் கண்டுபிடித்ததை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். போகட்டும், சின்னப்பெண்.)

பூட்டினால் சாவிக்குத் தங்க இடமில்லை. இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

4

(திருத்தத்தின்படி நீக்கப்பட்டது.)*

* இந்தப் பகுதியில் சாவிக்கு ஏன் போக வீடில்லை என்பதை விவரமாக எழுதியிருந்தேன். ஒரு சோபா வந்தது, இரண்டு குடும்பங்கள் வந்தன. முழுக்க என் கற்பனை என்று சத்தியம் செய்வேன். அக்கா மகளிடம் படித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள் சோபா வந்ததும் நிறுத்தினாள்.

"சித்தி, இதை உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலயே. நானா எழுதினேன்."

"எடுத்துடுங்க. எங்க தாழ்வாரத்துல ஒருத்தி இருக்கா. படிச்சா அவளைத்தான் எழுதியிருக்கீங்கன்னு நினைப்பா."

எடுத்துவிட்டேன். இடமில்லை என்பது மட்டும் இருக்கட்டும். மீதியை நீங்கள் கேட்காதீர்கள், நானும் சொல்லவில்லை.

5

கூட்டத்தை எங்கே வைப்பது? ஆறாம் விதி ‘விடுதிக்குள்’ என்று மட்டும்தான் சொல்கிறது. பொது அறை வெறும் பழக்கம். கதையில் சாவி இதைக் கண்டுபிடித்து, "படிக்கட்டுல வெச்சுக்கலாமே" என்கிறாள். மூன்று மாடிக்கும் ஏறும் அகலமான படிக்கட்டு, திருப்பங்களில் ஜன்னல். எழுதிவிட்டு, சரிதானா என்று தெரிந்துகொள்ள மறுபடி அக்கா மகளையே கூப்பிட்டேன்.

"உங்க படிக்கட்டுல ஒரு படிக்கு எத்தனை பேர் உக்காரலாம்?"

செருப்புச் சத்தம் கேட்டது. போய் உட்கார்ந்தே பார்த்துவிட்டாள். "மூணு பேர். வழி விடணும்னா ரெண்டு. இது எதுக்கு சித்தி, கதைக்கா?"

"கதைக்குத்தான்."

"நாங்க நிஜத்துக்கு எடுத்துக்குறோம்."

இப்படியாக என் கதையிலிருந்து ஒரு படிக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எழுதியது எதுவும் இதுவரை எனக்கு இப்படி உபயோகப்பட்டதில்லை, மாமியாரைப் பற்றி எழுதியது உட்பட.

கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் உங்களுக்கும் ஒரு இடம் தருகிறேன். மேல்மாடித் திருப்பத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரோரமாக நில்லுங்கள். அங்கிருந்து எல்லாம் தெரியும். உட்கார வேண்டாம். உட்கார்ந்திருப்பவர்களைத்தான் எண்ண வேண்டும், எண்ணுகிறவள் மட்டும் நிற்கலாம் என்று ஒரு விதி உண்டு. ஒருமுறை வாளியோடு குளிக்கப் போய்க்கொண்டிருந்தவளையும் சேர்த்து எண்ணிவிட்டார்களாம்.

6

மத்தியானம். கீழ்ப்படியிலிருந்து மேலே வரைக்கும் பெண்கள். தலையில் துண்டு கட்டியவள் ஒருத்தி, ஆரஞ்சு உரிப்பவள் ஒருத்தி, பெட்டியைக் கட்டிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தவள் ஒருத்தி. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்கு பேர் முனகிக்கொண்டிருந்தார்கள். சாவி காலையிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கூட்டிவந்த கூட்டம்.

ஷரத்து பேனாவை நீட்டி நீட்டி எண்ணினாள். "அறுபது. சரியா அறுபது."

கைதட்டினார்கள். சங்கத்தின் வரலாற்றிலேயே முதல் செல்லுபடியான கூட்டம். மாட்டு டாக்டர் தொண்டையைச் செருமினாள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது.

"தீர்மானம், விடுமுறைல ஒரு மாடியத் திறந்து வைக்கணும். யாராவது பேசணுமா?"

ஷரத்து கையைத் தூக்கினாள். "ஒரே ஒரு கேள்வி. கோவிச்சுக்காதீங்க. எல்லாரும்தான் ஊருக்குப் போறோம். யாருக்காகத் திறந்து வைக்கச் சொல்றோம்? வார்டன் கேட்டா என்ன பதில்?"

நியாயமான கேள்விதான். சாவிக்கு நான் ஒரு பதில் எழுதிக் கொடுத்திருந்தேன்: ‘யாருக்காவது தேவைப்படலாம், பொதுவாத்தான் சொல்றேன்.’ நல்ல பதில், யாரையும் காட்டிக்கொடுக்காது. அவள் வாயைத் திறந்தாள். அதைச் சொல்லவில்லை.

"எனக்காக" என்றாள். "எனக்குப் போறதுக்கு வேற இடம் இல்ல."

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. பஸ்ஸைப் பற்றிய முனகலும் நின்றது.

"சொல்லியிருக்கலாம்ல" என்றாள் மாட்டு டாக்டர். அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகக்கூட ஒலிக்கும் என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"இப்ப சொல்லிட்டேன்."

ஷரத்து பேனாவைக் கீழே இறக்கினாள். "சாவி, பதினேழாம் விதி..."

"தெரியும். நான்தானே டைப் பண்ணேன்."

பதினேழாம் விதி:** தனக்குச் சொந்த ஆதாயம் உள்ள தீர்மானத்தில் ஒருவர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு விலகி நிற்க வேண்டும், அவர் எண்ணிக்கையில் சேரமாட்டார். சாவி எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, சுவரோரமாகப் போய் நின்றாள். உட்கார்ந்திருப்பவர்கள் இப்போது ஐம்பத்தொன்பது.

** வாஷிங் மெஷினைத் தன் அறைக்குப் பக்கத்தில் வைக்க ஓட்டுப் போட்டு ஜெயித்த ஒருத்தியால் வந்த விதி. சத்தம் தாங்காமல் மறு மாதமே அவள் அதை நகர்த்தவும் ஓட்டுப் போட்டாள்.

நான் எழுதிக் கொடுத்த பொய்யை அவள் தள்ளிவிட்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்த இடத்தை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நான் பெற்ற பெண் மாதிரி பெருமையாக இருந்தது.

7

இனி முடிக்க வேண்டும். ஒரு ஆள் குறைகிறது.

முடிவு ஒன்று: பஸ்ஸைத் தவறவிட்ட ஒருத்தி பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறாள். எல்லோரும் ‘ஓ’ என்று

[அக்கா மகள்: "சினிமா."]

முடிவு இரண்டு: வார்டன் பெருந்தன்மையாக, "ஒண்ணு கம்மியானா என்னம்மா, பரவாயில்ல" என்கிறார். வார்டனுக்கு நல்ல பெயர். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தீர்மானம் அவர் போட்ட பிச்சை ஆகிவிடும். சாவி அதை வாங்கிக்கொள்ள மாட்டாள், எனக்கு அவளை இப்போது நன்றாகத் தெரியும்.

முடிவு மூன்று: ஷரத்து மறுபடி எண்ணுகிறாள். ஐம்பத்தொன்பதில் ஒரு நொடி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, "அறுபது" என்கிறாள்.

அக்கா மகளுக்கு இதுதான் பிடித்தது. "இதையே வெச்சுடுங்க சித்தி, ரொம்ப அழகா இருக்கு."

"அவ பொய்யா எண்ண மாட்டாடி."

"சிநேகிதிக்காகக்கூடவா?"

"சாவி உண்மையைச் சொன்னது எதுக்கு? இவ பொய் சொல்றதுக்கா?"

"நாளைக்குத்தான் எங்க கூட்டம்" என்றாள். "வாசல்ல நோட்டீஸ் ஒட்டியாச்சு. எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியல. எங்க தாழ்வாரத்துப் பொண்ணுகிட்ட எதுவும் கேக்கல. அவளும் எதுவும் சொல்லல. ஆனா அவதான் எல்லாக் கதவையும் தட்டிட்டிருக்கா."

நான் இதை எழுதுவது வியாழக்கிழமை. நாளைக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது. நிஜத்தில் நடக்கும் முன்பே கதையில் முடித்துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

8

ஷரத்து எழுந்துவிட்டாள். "இன்னொரு தடவை எண்ணுறேன். யாரும் அசையாதீங்க" என்கிறாள். அவள் பொய்யாக எண்ண மாட்டாள், ஆனால் எத்தனை தடவை வேண்டுமானாலும் எண்ணுவாள். அவளால் முடிந்த உதவி அதுதான். பேனாவை நீட்டிக்கொண்டு கீழ்ப்படியிலிருந்து ஏறி வருகிறாள்.

அவள் வருவதற்குள் உங்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் விதியை நான் திருத்தவே இல்லை. ‘விடுதிக்குள் இடம் கொடுக்கப்பட்ட எவரும்.’ ஜன்னலுக்குப் பக்கத்தில், சுவரோரமாக, உங்களுக்கு நான் இடம் கொடுத்தேன். கொடுத்தபோது இதை நினைக்கவில்லை, நம்பினால் நம்புங்கள்.

பதினேழாம் விதி உங்களுக்கும் பொருந்தும். விடுமுறைக்குப் போக உங்களுக்கும் இடமில்லை என்றால் இப்போதே சொல்லிவிட்டு, சாவியின் பக்கத்தில் போய் நில்லுங்கள். தனியாக நிற்கிறாள், துணையாக இருக்கும். போக இடம் இருக்கிறது என்றால் உட்காரலாம். தீர்மானத்துக்கு ஆதரவா எதிர்ப்பா என்பது பிறகு. இப்போதைக்கு ஒரு ஆள்தான் தேவை. படி கொஞ்சம் சில்லென்று இருக்கும். ஆரஞ்சுக்காரி உங்களுக்காக நகர்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"ஐம்பத்தெட்டு" என்கிறாள் ஷரத்து. ஆரஞ்சுக்காரியைக் காட்டி, "ஐம்பத்தொன்பது." பேனா உங்கள் பக்கம் திரும்பி நிற்கிறது. நின்றுகொண்டிருப்பவரை அவள் எண்ண மாட்டாள்.